வீட்டுக் கொட்டகையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

மோட்டார் வண்டிகளுள் குடும்பத்தார் அனைவரையும் ஏற்றிச் செல்வதற்கென அமைந்தவை ஒருவகை; சரக்கு ஏற்றுவதற்கென அமைந்தவை மற்றொரு வகை. இவ்விரண்டிலும் சேராத சிறு கூட்டம் ஒன்று உண்டு. அவ்வண்டிகளில் பெரும்பாலும் இருவரே அமரலாம். பெட்டி படுக்கைக்கு இடம் குறைவு. கூரை துணியால் ஆனது. வானம் தெளிந்திருக்கும்போது அதை மடித்துப் பின்னே வைத்துவிடலாம். உடல் தாழ்ந்தும் எடை குறைந்தும் இருப்பதால், சாலையின் வளைவுகளில் அதிகம் சாயாமல் விரைந்து திரும்பும். போய்ச் சேர வேண்டிய ஊரைக் காட்டிலும் போகும் வழியையே பெரிதாக எண்ணுவோர்க்கென அமைந்த இவற்றை ஸ்போர்ட்ஸ் கார் என்பர்.

இத்தகைய வண்டி பெருஞ்செல்வர்க்கே உரியது என்று நினைத்தல் இயல்பு. அவ்வாறான விலையுயர்ந்த வண்டிகளும் உண்டு. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்கள் பல, எழுத்தர்களும் ஆசிரியர்களும் தொழிற்சாலைப் பணியாளர்களும் வாங்கத்தக்க விலையில் இருந்தன. புதிதாக வாங்க இயலாதவர்கள், ஒருமுறையோ இருமுறையோ கைமாறிய வண்டியை வாங்கினர். பழைய வண்டி அடிக்கடி நிற்கும். நிற்குந்தோறும் பழுது பார்க்கும் நிலையத்திற்குப் பணம் கொடுக்க அவர்களிடம் வசதி இல்லை. ஆதலின் வீட்டை அடுத்த கொட்டகையிலே, ஞாயிற்றுக்கிழமைகளிலே, தாமே அதைக் கழற்றிப் பார்க்கத் தொடங்கினர். இன்றும் அப்பழக்கம் அந்நாட்டில் நின்றுவிடவில்லை. அவர்கள் பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறை யாது என்பதை, ஒரு வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

அவ்வண்டியின் பெயர் எம்.ஜி.பி. என்பது. எம்.ஜி. என்னும் எழுத்துகள் மாரிஸ் கராஜஸ் என்னும் பெயரின் சுருக்கமாகும். அப்பெயருக்குரிய வில்லியம் மாரிஸ் என்பவர், 1893 ஆம் ஆண்டில், தம் பதினாறாம் வயதில், ஆக்ஸ்போர்டு நகரில் பெற்றோரின் வீட்டிலேயே சைக்கிள் பழுது பார்க்கும் தொழிலைத் தொடங்கியவர். பின்னர் இங்கிலாந்தின் மிகப் பெரிய மோட்டார் உற்பத்தியாளராய் உயர்ந்தார். அவருடைய நிறுவனத்தில் மேலாளராக இருந்த செசில் கிம்பர் என்பவர், மாரிஸின் குடும்பக் கார்களைச் சிறிது மாற்றி விரைவு மிக்க வண்டிகளாக அமைத்ததே எம்.ஜி.யின் தொடக்கம். எம்.ஜி.பி. 1962 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆக்ஸ்போர்டுக்கு அருகில் உள்ள ஆபிங்டன் என்னும் சிற்றூரில், 1980 ஆம் ஆண்டில் தொழிற்சாலை மூடப்படும் வரையில், ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. வண்டிகள் செய்யப்பட்டன.

இவ்வண்டியின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு 1798 கன சென்டிமீட்டர். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய வண்டி என்றாலும், இதன் எஞ்சின் ஸ்போர்ட்ஸ் காருக்கென்றே புதிதாகச் செய்யப்பட்டதன்று. குடும்பக் கார்களில் பொருத்தப்பட்ட எஞ்சினின் பெரிய வடிவமே அது. நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர் காரின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே, அம்பாசடரைப் பிரித்துப் பூட்டிய நம்மூர்த் தொழிலாளி ஒருவர் எம்.ஜி.பி.யின் மூடியைத் திறந்து பார்த்தால், முன்பே பழகிய முகத்தைக் கண்டவர்போல் ஆவார். கைக்கு எட்டும் இடத்தில் ஒவ்வோர் உறுப்பும் இருக்கும். பெரும்பான்மையான வேலைகளுக்குச் சில ஸ்பானர்களும், இரண்டு திருப்புளிகளும், இடைவெளியை அளக்கும் மெல்லிய எஃகுத் தகடுகளும் போதும்.

கருவி இருந்தால் மட்டும் போதாது. வழிகாட்டவும் ஒன்று வேண்டும். அவ்வழிகாட்டியைத் தந்தவரின் வரலாறு சுவையானது. ஜான் ஹேன்ஸ் என்னும் அவர் 1938 ஆம் ஆண்டில் இலங்கையில் பிறந்தவர். தந்தையார் அங்குத் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிந்தார். இளமையிலேயே இங்கிலாந்துக்குச் சென்று பள்ளியில் தங்கிப் படித்த ஹேன்ஸுக்கு, மற்ற மாணவரைப் போல ரக்பி ஆட்டத்தில் நாட்டமில்லை. ஆட்ட நேரத்தில், ஆஸ்டின் செவன் என்னும் பழைய சிறு காரை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றியமைக்க ஆசிரியரிடம் இசைவு பெற்றார். வண்டி உருவாயிற்று. அதை விற்பதற்கு விளம்பரம் செய்தபோது, வாங்க விரும்பியோர் மிகப் பலராய் இருந்தனர். வண்டியோ ஒன்றே. இத்தனை பேர் இதை விரும்பினால், செய்யும் முறையை எழுதி விற்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1956 ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலைத் தாமே எழுதி, தாமே படம் வரைந்து, 250 படிகள் வெளியிட்டார். பத்தே நாட்களில் அவை விற்றுத் தீர்ந்தன. அப்பொழுது அவர் பள்ளி மாணவர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பின்னர் ஹேன்ஸ் ஆங்கிலேய விமானப்படையில் சேர்ந்து ஏடனில் பணியாற்றினார். அங்கே நண்பர் ஒருவர் பழைய ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிச் செப்பனிட முயன்றார். அதைச் செய்த நிறுவனத்தார் வெளியிட்டிருந்த கையேடு, தொழில் தெரிந்தவர்க்கே விளங்கும்படி எழுதப்பட்டிருந்தது. ஹேன்ஸ் ஒரு புகைப்படக் கருவியை எடுத்துக்கொண்டார். எஞ்சினை ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றும்போதும் மீண்டும் பூட்டும்போதும் படம் எடுத்தார். அப்படங்களோடு எழுதிய கையேடு 1966 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்நூலின் சிறப்பு, எழுதியவர் தம் கையாலேயே ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதினார் என்பதே. எந்த ஆணி துருப்பிடித்து வர மறுக்கும், எந்த நட்டு தவறி உள்ளே விழும் என்பது, கழற்றியவர்க்கன்றி மற்றவர்க்குத் தெரியாது. எம்.ஜி.பி.க்கும் அவ்வாறே ஒரு கையேடு வந்தது. எண்ணெய் படிந்த அதன் படிகளை இங்கிலாந்தின் கொட்டகைகள் பலவற்றில் இன்றும் காணலாம். கழற்றிய வரிசையைத் தலைகீழாக்கிப் பூட்டுக என்று கையேடு ஒரு வரியில் சொல்லிவிடும் இடங்கள் உண்டு. எழுதுவதற்கு எளிய அவ்வரி, செய்வதற்கு ஒரு நாள் முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

இனி, பழுதைத் தேடும் முறைக்கு வருவோம். நேற்று மாலை நன்றாக ஓடிய வண்டி இன்று காலையில் கிளம்ப மறுக்கிறது என்று கொள்வோம். பழக்கமில்லாதவர் உடனே எதையாவது கழற்றத் தொடங்குவார். அல்லது கடைக்குச் சென்று நான்கு புதிய உறுப்புகளை வாங்கி வந்து ஒன்றாக மாற்றுவார். வண்டி ஓடினாலும் பழுது எதில் இருந்தது என்பது அவருக்குத் தெரியாமலே போகும். ஓடாவிட்டாலோ, பழைய பழுதோடு தம் கையால் உண்டான புதிய பழுதும் சேர்ந்துகொள்ளும்.

பழக்கமுடையவர் முதலில் கருவியை எடுப்பதில்லை, கேள்வியை எடுக்கிறார். பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு மூன்று வேண்டும். பெட்ரோலும் காற்றும் உரிய அளவில் கலந்து சிலிண்டருக்குள் வர வேண்டும். அக்கலவையைப் பிஸ்டன் அழுத்த வேண்டும். அழுத்தம் மிகும் நேரத்தில் பிளக்கிலிருந்து தீப்பொறி எழ வேண்டும். இம்மூன்றும் இருந்தால் எஞ்சின் ஓடாதிருக்க வழியில்லை. ஆகவே இம்மூன்றில் இல்லாதது எது என்பதே கேள்வி. இவற்றுள் அழுத்தம் என்பது, பிஸ்டன் வளையங்களும் வால்வுகளும் தேயத் தேயப் பல மாதங்களில் மெல்லக் குறைவது. ஓரிரவில் மறைவது அரிது. எனவே நேற்று ஓடிய வண்டியில் ஐயத்திற்குரியவை இரண்டே: பெட்ரோல், தீப்பொறி. கை அழுக்காவதற்கு முன்பே ஐயத்தின் எல்லை இவ்வாறு சுருங்கிவிட்டது. இவற்றோடு, கடைசியாக வண்டியில் யார் எதைத் தொட்டார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சென்ற வாரம் துடைத்து மாட்டிய கம்பியே இன்று கழன்றிருக்கக்கூடும்.

ஆயினும் அதற்கும் முன்னே பாட்டரி இருக்கிறது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழலாமல் ‘டக்’ என்ற ஓசை மட்டும் எழுந்தால், ஐயம் பாட்டரியின் மீதே செல்ல வேண்டும். எம்.ஜி.பி.யில் 1974 ஆம் ஆண்டு வரையில் ஒரு புதுமை உண்டு. 12 வோல்ட் பாட்டரி ஒன்றுக்கு மாறாக, 6 வோல்ட் பாட்டரிகள் இரண்டு இருக்கைகளுக்குப் பின்னே தரையின் கீழ் மறைந்திருக்கும். மறைந்திருப்பதாலேயே அவை மறக்கப்படும். அவற்றை இணைக்கும் முனைகளில் வெண்ணிறப் பூஞ்சைபோல் உப்புப் படியும்; மின்சாரம் தடைப்படும். விளக்கு மங்கலாகவேனும் எரியும். ஏனெனில் விளக்குக்குச் சிறிதளவு மின்சாரமே போதும். எஞ்சினைச் சுழற்றும் மோட்டாருக்கோ அதைப்போல் பல மடங்கு வேண்டும். விளக்கு எரிகிறது, ஆகையால் பாட்டரியில் குறையில்லை என்று முடிவு செய்வது, குழாயில் நீர் சொட்டுகிறது, ஆகையால் வயலுக்குப் பாய்ச்சிவிடலாம் என்று எண்ணுவதை ஒக்கும். முனைகளைச் சுரண்டித் தூய்மை செய்து இறுக்கினால், புதிய பாட்டரிக்கென எடுத்துவைத்த பணம் பல வேளைகளில் மிச்சமாகும். 1967 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிற்பட்டவற்றில் எதிர்முனை. இதை அறியாமல் முனைகளை மாற்றிப் பூட்டினால், வானொலியைப் போன்ற சில கருவிகள் ஒரு நொடியில் கெட்டுவிடும்.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையா? இப்பொழுது கண்ணை மூடிக் காதைத் திறக்க வேண்டும். இவ்வண்டியில் பெட்ரோலை முன்னே அனுப்புவது, பின் சக்கரத்தின் அருகில் உள்ள மின்சாரப் பம்பு. சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் அது ‘டிக் டிக்’ என்று சில நொடிகள் ஒலித்து, கார்புரேட்டரின் கிண்ணங்கள் நிரம்பியவுடன் அடங்கும். அவ்வோசை ஒரு மொழி. சிறிது ஒலித்து அடங்கினால், பெட்ரோல் வந்துவிட்டது என்று பொருள். ஓயாமல் விரைந்து ஒலித்தால், தொட்டியில் பெட்ரோல் இல்லை, அல்லது குழாயில் எங்கோ கசிவு உண்டு. ஒலியே இல்லையேல், மின்சாரம் வரவில்லை, அல்லது பம்பினுள் தொட்டுத் தொட்டு விலகும் மின்முனைகள் ஒட்டிக்கொண்டன. பின்னது காரணமாயின், பம்பை மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் அது மீண்டும் ஒலிக்கத் தொடங்கும். பார்ப்போருக்கு இது மந்திரம்போல் தோன்றும். தட்டியதால் ஓடிய பம்பு நெடுநாள் ஓடாது. வீடு சேர்ந்தவுடன் அம்முனைகளைத் தூய்மை செய்யவோ மாற்றவோ வேண்டும்.

பெட்ரோல் வருகிறது என்று தெரிந்தபின் தீப்பொறியைத் தேட வேண்டும். பலர் இவ்விடத்தில் வழி தவறுவர். கார்புரேட்டரைக் கழற்றி மேசைமேல் பரப்பிவிடுவர். எஞ்சின் தடுமாறினால் கார்புரேட்டரையே குற்றஞ்சாட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. ஆனால் அனுபவம் மிக்கவர்கள், கார்புரேட்டரின் குறையென்று கருதப்படுவனவற்றுள் பெரும்பாலானவை தீப்பொறியின் குறையாகவே முடியும் என்பர். அது மெய்யென்பதைக் காரணத்தோடு அறியலாம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது, நொடிக்கு 100 தீப்பொறிகள் எழ வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் உறுப்பினுள், பாயிண்ட் எனப்படும் இரு சிறு மின்முனைகள் அத்தனை முறையும் விலகிச் சேர வேண்டும். விலகும்போது இடைவெளி 15 ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் என்று சொல்லிவிடக்கூடாது. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் அதில் 15 பங்கு, அதாவது ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நாளடைவில் பாயிண்டின் உராயும் பகுதி தேய்ந்து, இடைவெளி குறையும். குறைந்தால் தீப்பொறி எழும் நேரமும் தாமதமாகும். வண்டி மேட்டில் ஏறத் தயங்கும். எஃகுத் தகட்டை இடையே செலுத்தி, அது மிக இறுக்கமாகவும் இன்றி, தளர்வாகவும் இன்றி, மெல்ல உராய்ந்து வரும்படி அமைத்தால் வண்டியின் சோம்பல் நீங்கும்.

இங்கிலாந்தின் ஈரக் காற்றும் ஒரு பகை. பனி மூடிய காலையில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் ஈரம் படிந்தால், பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் பிளக்கை நாடாமல் அவ்வீரத்தின் வழியே ஓடிவிடும். உலர்ந்த துணியே அதற்கு மருந்து. துடைப்பதற்காகப் பிளக்குகளின் கம்பிகளைக் கழற்றினால், எது எந்தச் சிலிண்டருக்கு உரியது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவ்வெஞ்சினில் தீ மூளும் வரிசை 1, 3, 4, 2 என்பது. 1, 2, 3, 4 என்று இயல்பாக நினைத்து மாட்டிவிட்டால், எஞ்சின் ஓடாததோடு கார்புரேட்டர் வழியாக வெடியோசையும் கிளம்பக்கூடும்.

கழற்றிய பிளக்கும் பேசும். அதன் முனை பழுப்பும் சாம்பலும் கலந்த நிறமாயிருந்தால் எஞ்சின் நலமாக உள்ளது. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. அல்லது எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. எண்ணெயில் நனைந்திருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வின் வழிகுழலோ தேய்ந்துவிட்டது. நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தால், நான்கு சிலிண்டர்களின் நிலையும் தெளிவாகும். மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல்தான் இதுவும்.

தீப்பொறியில் குறையில்லை என்று உறுதியானபின் கார்புரேட்டரைத் தொடலாம். எம்.ஜி.பி.யில் எஸ்.யூ. கார்புரேட்டர்கள் இரண்டு இருந்தன. அமெரிக்காவுக்குச் சென்ற பிற்கால வண்டிகளில் மட்டும் வேறுவகைக் கார்புரேட்டர் ஒன்று பொருத்தப்பட்டது. எஸ்.யூ. கார்புரேட்டரை அமைத்தவர்கள், காலணி வணிகம் செய்த ஸ்கின்னர் குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர்கள். தொடக்க காலத்தில் அதன் உள்ளே தோலால் ஆன துருத்தி ஒன்று இருந்தது! பின்னர்த் துருத்தியின் இடத்தைப் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. எஞ்சின் காற்றை மிகுதியாக இழுத்தால் அப்பிஸ்டன் மேலே எழும். குறைவாக இழுத்தால் கீழே இறங்கும். அதன் அடியில் மெலிந்து கூரான ஊசி ஒன்று தொங்கி, பெட்ரோல் வரும் துளையினுள் நுழைந்திருக்கும். பிஸ்டன் எழுந்தால் ஊசியும் எழும், துளையில் இடைவெளி பெருகும், பெட்ரோலும் பெருகும். காற்று எவ்வளவோ பெட்ரோலும் அவ்வளவு. நகரும் உறுப்புகள் மிகச் சிலவே கொண்டு இத்தனை நுட்பமான வேலையைச் செய்யும் அமைப்பு மோட்டார் வண்டியில் வேறொன்று இல்லை எனலாம். பிஸ்டன் துள்ளாமல் நிதானமாக எழுவதற்காக அதன் மேற்பகுதியில் சிறிது எண்ணெய் ஊற்றப்படும். அவ்வெண்ணெய் வற்றிவிட்டால், விசையை அழுத்தியவுடன் வண்டி ஒரு கணம் திகைத்து நின்று பின்னரே விரையும். சில துளி எண்ணெயில் தீரும் குறை இது.

கலவை சரியா என்பதை அறியவும் எளிய வழி உண்டு. எஞ்சின் சூடாகி மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போது, பிஸ்டனைச் சிறு ஊக்கினால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கும் குறைவாக உயர்த்த வேண்டும். எஞ்சினின் வேகம் கூடிக் கூடிய நிலையிலேயே நின்றால் பெட்ரோல் மிகுதி. வேகம் குறைந்து நிற்கப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. சிறிதே கூடி உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை செம்மையாக உள்ளது. இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவில் காற்றை இழுக்கின்றனவா என்று அறிய, ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து இரைச்சலை ஒப்பிடுவர். இதற்கென விற்கும் கருவிகள் உண்டு. பழகிய காது அவற்றுக்கு இளைத்ததன்று.

இவ்வேலைகளிலெல்லாம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பயன் தெரியாவிட்டால் மாற்றியதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும்.

வண்டி ஓடாதிருப்பதால் உண்டாகும் இழப்பு சிறிது. ஓடும் வண்டி நிற்காதிருந்தால் உண்டாகும் இழப்பு உயிரே. ஆகையால் பிரேக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எம்.ஜி.பி.யின் முன் சக்கரங்களில் வட்டத்தகடும் பின் சக்கரங்களில் குடமும் பிரேக்காக அமைந்துள்ளன. காலால் மிதிக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் மிகுந்த எண்ணெய், மலைப்பாதையில் இறங்கும்போது உண்டாகும் சூட்டில் கொதித்து ஆவியாகும். ஆவியோ அழுத்தினால் சுருங்கிவிடும். மிதி தரை வரையில் சென்றும் வண்டி நிற்காது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ஈராண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுக என்று கூறுவது இதனாலேயே. மாற்றும்போது குழாயில் புகுந்த காற்றுக் குமிழிகளை வெளியேற்ற இருவர் வேண்டும். ஒருவர் மிதியை அழுத்த, மற்றவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூடுவார். திருகு மூடப்படுவதற்குள் மிதியை விட்டுவிட்டால் காற்று மீண்டும் உள்ளே புகும். தந்தை வண்டியின் அடியிலிருந்து குரல் கொடுக்க, மகளோ மகனோ மிதியில் கால் வைத்துக் காத்திருக்கும் இவ்வேலையில், சொல்லுக்குக் காத்திருத்தலே முழுத் திறமையும் ஆகும்.

பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூள் நுரையீரலுள் சென்றால் பல்லாண்டு கழித்துக் கொடிய நோயை விளைக்கும். இங்கிலாந்தில் 1999 ஆம் ஆண்டில் கல்நாரின் பயன் தடை செய்யப்பட்டது. ஆனால் நெடுங்காலம் கொட்டகையில் கிடந்த வண்டியிலோ, பழைய இருப்பிலிருந்து வாங்கிய உறுப்பிலோ அது இன்னும் இருக்கக்கூடும். அத்தூளை வாயால் ஊதுதலும், உலர்ந்த தூரிகையால் தட்டுதலும் ஆகாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வண்டியை உயர்த்தும் ஜாக்கி, உயர்த்துவதற்கே அன்றித் தாங்குவதற்கு உரியதன்று. உயர்த்தியபின் உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை நிறுத்தாமல் அதன் அடியில் தலையை நீட்டக்கூடாது. செங்கல் அடுக்கு, பார்ப்பதற்கு வலிமையாகத் தோன்றி, ஒரு கணத்தில் நொறுங்கிவிடும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுதல் இவை எல்லாவற்றினும் கொடிது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. மயக்கம் வருகிறது என்று உணரும்போதே எழுந்து கதவைத் திறக்கும் ஆற்றல் போய்விடும்.

இங்கிலாந்தில் 1960 ஆம் ஆண்டிலிருந்து பழைய கார்களுக்குக் கட்டாயச் சோதனை உண்டு. ஆண்டுதோறும் பிரேக், விளக்கு, திசைதிருப்பும் பொறி ஆகியவற்றைத் தேர்ந்த ஒருவர் பார்த்துச் சான்று தர வேண்டும். ஆனால் 2018 ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத, 40 ஆண்டு கடந்த கார்களுக்கு அச்சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. எனினும் வண்டியைச் சாலைக்குத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் கடமை நீங்கவில்லை. ஆகவே, பழைய எம்.ஜி.பி. வைத்திருப்பவர் தம் கைவேலைக்குத் தாமே தேர்வாளரும் ஆகிறார். விலக்கு இருந்தும் தாமாகவே ஆண்டுதோறும் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுசெல்வோரும் உண்டு. வேலை செய்த கண்ணுக்கு அவ்வேலையின் குறை எளிதில் தெரியாது என்பதை அவர்கள் அறிவர்.

இக்கால ஸ்போர்ட்ஸ் கார்களில் பாயிண்டும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. கணிப்பொறியே தீப்பொறியின் நேரத்தையும் பெட்ரோலின் அளவையும் ஆள்கிறது. ஆதலால் வீட்டில் பழுது பார்க்கும் காலம் முடிந்தது என்று கருதுவோர் பலர். அது முழுதும் உண்மையன்று. 1996 ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்கள் எல்லாவற்றிலும், பழுதைக் குறியெண்ணாகச் சொல்லும் ஒரே வகையான அமைப்பு இருக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. பிற நாடுகளும் அதைப் பின்பற்றின. குறைந்த விலையில் கிடைக்கும் சிறு கருவியை வண்டியில் செருகினால் அக்குறியெண்ணைப் படிக்கலாம். ஆனால் கருவி சொல்வது நோயின் அடையாளத்தையே, நோயை அன்று.

பழைய ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார்களின் சாயலில் ஜப்பானியர் 1989 ஆம் ஆண்டில் வெளியிட்ட மாஸ்டா எம்.எக்ஸ். 5 என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். 2005 ஆம் ஆண்டில் வந்த அதன் மூன்றாம் தலைமுறையில், ஒவ்வொரு பிளக்கின்மேலும் தனித்தனியே ஒரு காயில் அமர்ந்திருக்கும். அவ்வண்டி தடுமாறுகிறது, கருவியில் பி 0301 என்னும் குறி தோன்றுகிறது. முதல் சிலிண்டரில் தீ சரிவர மூளவில்லை என்பதே அதன் பொருள். குற்றம் காயிலுடையதா, பிளக்குடையதா, பெட்ரோலைத் தெளிக்கும் குழலுடையதா என்பதை அது சொல்லவில்லை. எதையும் வாங்குவதற்கு முன், எஞ்சினை நிறுத்தி, முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதன் மேலும், இரண்டாவதன் காயிலை முதலாவதன் மேலும் மாற்றி மாட்ட வேண்டும். குறியை அழித்துவிட்டு வண்டியைச் சிறிது தொலைவு ஓட்ட வேண்டும். குறி இப்பொழுது பி 0302 என்று மாறி வந்தால், குற்றம் காயிலோடு சேர்ந்து இடம்பெயர்ந்தது. அந்த ஒரு காயிலை மட்டும் மாற்றினால் போதும். குறி மாறாமல் பி 0301 என்றே வந்தால், காயில்களை அவற்றின் பழைய இடங்களில் மாட்டிவிட்டு, அடுத்து முதல் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும்.